புடுங்கிடலாமுங்களா? – பல் டாக்டரம்மா பதில்கள்

வலிக்காதபோது எதற்கு டாக்டர், வலித்துவிட்டால் எதற்கு அந்தப் பல்? இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் இந்த ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கோபியில் என் கிளினிக்கிலும் தினம் இதே பாட்டுதான். சரி, கடிதங்களுக்குப் போவோம். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரையே வாங்குவதில்லை. நாங்களே காய்ச்சி எடுக்கிற நாட்டுச் சர்க்கரைதான். அப்படியும் நாலு வயதுப் பையனுக்கு மேல் முன்பல் நாலும் கருத்துக் கரைந்துவிட்டன. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிறார் மாமியார். அப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கவுந்தப்பாடி

உங்கள் ஊர்ச் சர்க்கரையைக் குறை சொன்னால் பழனி முருகனே என்னைக் கோபித்துக்கொள்வார். பஞ்சாமிர்தத்துக்கு மூட்டை மூட்டையாகக் கவுந்தப்பாடியிலிருந்து போகிறதே! ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாயில் இருக்கிற கிருமிக்கு வெள்ளை, பழுப்பு என்ற பேதமெல்லாம் கிடையாது. நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியும் அப்படித்தான். கிருமி அதைத் தின்று அமிலத்தை வெளிவிடுகிறது, அந்த அமிலம் எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. இனிப்பு ஒவ்வொரு முறை வாய்க்குள் போகும்போதும் அரை மணி நேரமாவது இந்த வேலை நடக்கும். அதனால் பையன் எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை முறை தின்றான் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. சாப்பாட்டோடு ஒரு கச்சாயம் தின்றால் பரவாயில்லை. அதே கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் கொறித்தால் பல் தாங்காது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். ராத்திரி தூங்கும்போது நாட்டுச் சர்க்கரை போட்ட பால், பாட்டிலில். சரிதானே? மேல் முன்பற்கள் மட்டும் கரைந்து கீழ் முன்பற்கள் பளிச்சென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். பால் உறிஞ்சும்போது கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்கிறது, பக்கத்திலேயே எச்சிலும் சுரக்கிறது. மேல்பல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால் பால் அங்கேயே தேங்கி நிற்கிறது.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். முன்பல் ஆறேழு வயதில் விழும் என்பது சரி. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையாகி முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை ஆக்கிரமித்துவிடும். நிலைப் பல் முளைக்க இடமில்லாமல் கோணலாக வரும். அப்புறம் கிளிப் செலவு. இப்போது வந்தால் கரையும் இடத்தைச் சுத்தம் செய்து அடைக்கலாம். ஆழமாகப் போயிருந்தால் உள்ளே மருந்து வைத்து மேலே சின்ன கேப் போடலாம். குழந்தை வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தொட்டு வைத்துச் சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. துளைப்பது கிடையாது, ஊசி கிடையாது. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கருப்பாகிவிடும். முன்பல் என்பதால் யோசித்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ஆறு வயதில் எல்லாப் பால்பற்களுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிலைப் பல், போனால் திரும்ப வராது. முழுதாக முளைத்ததும் அதன் பள்ளங்களில் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலை, வலியே இல்லை. என்னிடம் வரும் பெரியவர்கள் இழந்திருக்கிற பல் பெரும்பாலும் இதுதான் என்பதால் சொல்கிறேன்.

கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்கிறார்கள். என்னோடு வேலை செய்பவர் ஒருவர் செய்துகொண்டு வந்தார், இப்போது பல்லுக்கு நடுவே சந்து சந்தாகத் தெரிகிறது. எனக்குத் துலக்கும்போது ரத்தம் வருகிறது, வலி இல்லை. செய்துகொள்ளலாமா?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

அந்தச் சந்துகளைக் கிளீனிங் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்தன, காரை அவற்றை அடைத்துக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீர் ஓடுகிற குழாய்க்குள் வெள்ளையாகப் படியுமே, அதைப் போலத்தான் இதுவும். பல்லில் ஒட்டும் மெல்லிய அழுக்குப் படலத்தோடு எச்சிலில் இருக்கும் சுண்ணாம்பு சேர்ந்து சில நாட்களில் கல்லாக இறுகிவிடுகிறது. கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். எச்சில் சுரப்பி ஒன்றின் வாய் அங்கேதான் இருக்கிறது. கல்லாகிவிட்ட பிறகு எந்த பிரஷ்ஷும், எந்தப் பற்பொடியும் அதை எடுக்காது.

ஈறுக்கு அடியில் காரை இறங்கினால் ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு மெல்ல மெல்லக் கரையும். இதில் வலி இல்லாததுதான் பிரச்சினையே. பல் ஆடிய பிறகுதான் "ஏனுங்க டாக்டர், ஒரு நாளும் வலிக்கவே இல்லீங்களே" என்று வருவார்கள். உங்கள் நண்பருக்கு எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். காரை முட்டுக்கொடுத்து நின்ற பல், அதை எடுத்ததும் உண்மை நிலைமையைக் காட்டியிருக்கும். எடுக்காமல் விட்டிருந்தால் பல் தானாகவே கையோடு வந்திருக்கும்.

நாங்கள் பயன்படுத்தும் கருவி அதிர்ந்து காரையைப் பெயர்க்கிறது, எனாமலைச் சுரண்டுவதில்லை. சில நாள் பல் கூசும், ஐஸ் தண்ணீர் குடிக்க முடியாது, அப்புறம் அடங்கிவிடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கிளீனிங் செய்தால் டீக்கறை போகும், பல்லின் சொந்த நிறம் மாறாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் செய்தே ஆக வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வருடம் ஒருமுறை போதும். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சீக்கிரமே தேவைப்படும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுப்படாது, சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லை, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?
– பலர், பல ஊர்கள்

போகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வைக்கு உள்ள நரம்பு வேறு. பல் எடுக்கிற வயதில்தான் பலருக்குக் கண்புரையும் வருகிறது, பழி பல் டாக்டர் தலையில் விழுகிறது.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் ராத்திரியில் உயிர் போகிற வலி. கன்னம் வீங்கிற்று. மாத்திரை போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. டாக்டர் ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டும் என்கிறார். எங்கள் அப்பாரு, "ஒத்தப் பல்லுக்கு இத்தன செலவா? புடுங்கி உட்ருடா" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– கல்லூரி மாணவர், அந்தியூர்

அப்பாரு காலத்தில் அது ஒன்றுதான் வழி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில், எதுவும் சரியாகிவிடவில்லை. பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துவிட்டது, அதனால் வலி இல்லை. மாத்திரை வீக்கத்தை அடக்கியது, ஆனால் சீழுக்கு மூலம் பல்லின் உள்ளே இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டமே இல்லாதபோது மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி வீங்கும். பொங்கல், தீபாவளி என்று கிளினிக் பூட்டியிருக்கிற நாளாகப் பார்த்து வீங்கும் என்பது என் அனுபவம்.

ரூட் கேனால் என்றால் என்ன செய்வோம்? ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வோம். பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு மாட்டுவது நல்ல பழக்கம், எச்சில் உள்ளே போகாது, சின்னக் கருவி தொண்டைக்குள் நழுவாது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று குழாய்கள், சிலருக்கு நாலு. முடி மாதிரி மெல்லிய கம்பிகளால் அவற்றைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளை வைத்து அடைப்போம். ஒன்றிலிருந்து மூன்று தடவை வர வேண்டியிருக்கும். பழைய கதைகளைக் கேட்டு நடுங்காதீர்கள், ஊசி சரியாகப் பிடித்தால் பலர் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார்கள்.

கேப் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொத்தை தின்றது பாதி, நாங்கள் வழி செய்வதற்காகத் திறந்தது கொஞ்சம். மிச்சம் நிற்கிற சுவர் மெல்லியது. முறுக்கு கடித்தால் இரண்டாகப் பிளந்துவிடும், பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்துவிட்டு, காசில்லை என்று கேப் போடாமல் வருடக்கணக்கில் விடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். செய்த செலவும் வீண், பல்லும் போச்சு. உள்ளே இருக்கிற பல்லுக்கு விலை அதிகமான, பல் நிறச் சிர்கோனியா கேப்தான் வேண்டும் என்றில்லை. உலோகக் கேப்பும் நன்றாக உழைக்கும், அதற்கு விலையும் குறைவு. யாரும் உங்கள் வாய்க்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை.

அப்பாருவிடம் செலவுக் கணக்கையே பேசுங்கள். பிடுங்குவது மலிவு, உண்மைதான். ஆனால் அந்த இடம் காலியாக இருந்தால் பின்னாலிருக்கிற பல் சாயும், மேல்பல் கீழே இறங்கும், சந்தில் சோறு மாட்டும், அதுவும் சொத்தையாகும். காலி இடத்தை நிரப்ப, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் போட்டால் இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல பற்களைச் செதுக்க வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, எலும்பு அதோடு ஒட்ட மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை காத்திருந்து, மேலே பல் பொருத்துவோம். 1965-லேயே ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள், சோதித்துத் தேறிய முறைதான். ஆனால் ரூட் கேனால், கேப் இரண்டும் சேர்ந்த செலவைவிடக் கூடுதலாகும்.

பிடுங்கத்தான் வேண்டும் என்ற நிலையும் உண்டு. வேர் நெடுக்கப் பிளந்திருந்தால், பிடித்து நிற்க எலும்பே இல்லாவிட்டால், மேலே கேப் நிற்க ஒன்றுமே மிச்சமில்லாவிட்டால், அப்போது ரூட் கேனால் செய்வதுதான் வீண் செலவு. "எக்ஸ்ரேயைக் காட்டி எனக்கு விளக்குங்க" என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பணம்தான் தடை என்றால் திருச்செங்கோடு, குமாரபாளையம், கோவைப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கட்டணம் குறைவு, நேரம் கூடுதலாகும். மாணவர்தானே நீங்கள், நேரத்துக்கு என்ன பஞ்சம்!

தை மாதம் எனக்குக் கல்யாணம். சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புத் திட்டுகள். எவ்வளவு துலக்கினாலும் போகவில்லை. பத்துப் பல்லுக்கும் கேப் போட்டால் ஒரே வாரத்தில் வெள்ளையாகிவிடும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள்.
– ஒரு வாசகி, ஓமலூர் அருகே ஒரு கிராமம்

அம்மணி, கேப் வேண்டாம். நல்ல பல்லைச் சுற்றிலும் செதுக்கினால் திரும்ப வளராது. இருபத்து நாலு வயதில் பத்துப் பல்லைச் செதுக்கிவிட்டால், ஆயுள் முழுக்க அந்தக் கேப்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். (வயதை நானாகப் போட்டேன், கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அது அழுக்கும் இல்லை, நீங்கள் துலக்காத குற்றமும் இல்லை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இதற்காகவும்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லிலேயே திட்டு விழுந்துவிடும். எட்டு வயதுக்குப் பிறகு புதிதாக விழுவது அரிது. உங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. குறைக்கும்.

"அப்படியென்றால் ஃப்ளோரைடு பேஸ்ட் எதற்கு?" என்று கேட்பீர்கள். குழந்தைப் பருவத்தில் வருடக்கணக்கில் அளவுக்கு மேல் விழுங்கியது திட்டாகிறது. பேஸ்ட்டில் இருப்பது பல்லின் மேல்பரப்பைத் தொட்டு, கரைந்த எனாமலை இறுக வைக்கிறது. அதனால்தான் மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, துப்பப் பழக்க வேண்டும் என்கிறோம்.

உங்களுக்குச் செய்யக்கூடியதைக் குறைந்த சேதத்திலிருந்து சொல்கிறேன். திட்டு மேலாக இருந்தால், மெல்லிய அமிலமும் சொரசொரப்பான தூளும் கலந்து தேய்த்து மேல்படலத்தை எடுத்துவிடலாம். கூடவே வீட்டில், பல் அளவுக்குச் செய்த தட்டில் மருந்து வைத்து மாட்டிக்கொண்டு பிளீச்சிங் செய்யலாம், ராத்திரியில் இரண்டு மூன்று வாரம் ஆகும், கொஞ்சம் கூசும். அப்படியும் தெரிகிற திட்டுகளுக்கு மட்டும் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சு. பிளீச்சிங் முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. கடைசியாகத்தான் செராமிக் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு. அதற்கும் பல்லின் முன்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்க வேண்டும், ஆனால் கேப்பைவிட மிகக் குறைவு. ஐப்பசியில் ஆரம்பித்தால் தைக்கு நிதானமாக முடிக்கலாம். பத்திரிகை அடிக்கும்போது வராதீர்கள். நாலு இடம் ஜவுளி பார்த்துத்தானே எடுப்பீர்கள், இதற்கும் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

உமிக்கரியும் உப்பும் போட்டுத் துலக்குகிறேன். பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் புளிப்பு தின்றால் கூசுகிறது.
– விவசாயி, காங்கேயம்

வெள்ளையாக இருப்பது கறை தேய்வதால், கூடவே எனாமலும் தேய்கிறது. சொரசொரப்பான எதையும் விரலால் அழுத்தித் தேய்த்தால் ஈறோரத்தில் குழி விழும். உமிக்கரியை நிறுத்துங்கள், மென்மையான பிரஷ் வாங்குங்கள். குழி இருந்தால் அதையும் அடைத்துவிடலாம்.

தறி ஓட்டுகிறேன். நைட் ஷிப்ட்டில் தூக்கம் வராமலிருக்கப் பாக்குப் பொட்டலம் போடுவேன். புகையிலை தொட்டதே இல்லை. இப்போது காரம் தின்றால் வாய் எரிகிறது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை.
– பள்ளிபாளையம்

இந்தக் கடிதத்தை முதலில் போட்டிருக்க வேண்டும். நேராகச் சொல்கிறேன், இன்றே நிறுத்துங்கள். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னத்தின் உள்தசை நாராக இறுகத் தொடங்கிவிட்டது. இது வரப் பாக்கு ஒன்றே போதும், புகையிலை தேவையில்லை. பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. இறுகிய கன்னம் முழுதாகப் பழையபடி ஆகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். பயிற்சி, ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை மூலம் வாய் திறப்பைக் கூட்டலாம். ஆனால் புற்றாக மாறும் அபாயம் இருக்கிறது, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஈரோடு ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும், திருச்செங்கோடும் தூரமில்லை. வாய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார், பயந்து ஓடாதீர்கள். விடமுடியவில்லை என்றால் புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண் 1800-112-356, பாக்குக்கும் அவர்களிடம் யோசனை கேட்கலாம். உங்களோடு தறி ஓட்டுகிறவர்களுக்கும் இந்த மூன்று விரல் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்.

அப்பாவுக்கு ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பல் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும்?
– பொள்ளாச்சி

நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஒரு பல் எடுக்கப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையே இருக்காது. பஞ்சை அழுத்திக் கடிக்க வைத்து, தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைபடுவதுதான் பெரிய ஆபத்து. மாத்திரைச் சீட்டை எடுத்து வாருங்கள், இதய டாக்டரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிற அம்மாக்களும் பல் எடுக்கும் முன் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். பல்வலி. குழந்தை பிறக்கும் வரை பல் டாக்டரிடம் போகவே கூடாது என்கிறார்கள்.
– சத்தியமங்கலம்

நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரைதான் வசதியான காலம், நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மரத்துப்போகிற ஊசி, பல் அடைப்பது எல்லாம் செய்யலாம். சீழோடு பிரசவம் வரை காத்திருப்பதுதான் கூடாது. கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லுங்கள், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

எங்கள் அம்மிச்சிக்குப் பல் செட் செய்து கொடுத்தோம். சந்தகை தின்னக்கூட மாட்டவில்லை, டப்பாவிலேயே கிடக்கிறது. விசேஷத்துக்கு மட்டும் போடுகிறார். பசை வாங்கிக் கொடுக்கலாமா?
– வெள்ளகோவில்

பசை இரண்டாவது யோசனை. பல் செட் கடித்துத் தின்னப் பழக்கம் வேண்டும். முதல் இரண்டு வாரம் களி, சந்தகை, குழைந்த அரிசிம்பருப்புச் சாதம் என்று மிருதுவானதாகக் கொடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக மெல்லச் சொல்லுங்கள். முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் எழும்பிவிடும். ஓரிடத்தில் மட்டும் அழுத்திப் புண்ணாகிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் அதைச் சொல்லாமல்தான் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் செய்த டாக்டரிடமே போங்கள், தேய்த்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். போவதற்கு முந்தின நாள் போட்டிருக்கச் சொல்லுங்கள், புண் தெரிந்தால்தான் எங்கே தேய்ப்பது என்று தெரியும். வீட்டிலேயே கத்தியால் சுரண்டுவதும், உடைந்தால் பசை போட்டு ஒட்டுவதும் வேண்டாம்.

கீழ் செட் நிற்பது யாருக்குமே சிரமம்தான். அம்மிச்சிக்கு எலும்பு இருந்து, உடம்பும் ஒத்துழைத்தால் கீழே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, செட்டை பொத்தான் மாதிரி மாட்டிக்கொள்ளச் செய்யலாம். செலவுதான் யோசிக்க வேண்டும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள், காலையில் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கீழே பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவச் சொல்லுங்கள், கை நழுவினாலும் உடையாது.